பத்தொன்பதாவது பெயர்

1973 ஜூன் 3, ஞாயிறு

அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கும் பயணக் குறிப்பு தனி. அதில் புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், நடந்த தூரம் இருந்தால் போதும். இந்த நோட்டு எனக்காக. மலையில் பேச்சுத் துணைக்கு யாரும் இருக்க மாட்டார்கள் என்று, பூசை முடிந்து வரும் வழியில் வாங்கினேன்.

விஷயம் இதுதான். அடிவாரத்தில் பளியர்களுக்காக அரசாங்கம் பதினான்கு ஓட்டு வீடுகள் கட்டி முடித்துவிட்டது. இருபத்தைந்தாம் தேதி திறப்பு விழா. ஆனால் குடியேற வேண்டியவர்கள் ஓரிடத்தில் நிற்பவர்கள் இல்லை. கிழங்கும் தேனும் கிடைக்கும் இடம் பார்த்து, ஒரு பாறைப் புடவில் பத்து நாள், இன்னொன்றில் இருபது நாள் என்று மலை முழுக்கச் சுற்றிக்கொண்டே இருப்பவர்கள். அவர்களைத் தேடிப் பிடித்து, பெயர்களைச் சம்மதப் படிவத்தில் எழுதி, கைநாட்டு வாங்கி வர வேண்டும்.

"ஆம்பளைங்க போனா ஓடி ஒளிஞ்சுக்கிறாங்கம்மா. ரெண்டு தடவை போய் வெறுங்கையோட வந்தாச்சு. கிராம சேவிகா நீங்க போனா நிப்பாங்க" என்றார் அதிகாரி. வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதமாகிறது. மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

மலைச்சரக்கு குத்தகைக்காரரின் ஆள் ஒருவர் வழிகாட்டியாக வருகிறார். பெயர் சிங்காரம். நாற்பது வயது இருக்கும். கடுக்காய், தேன், மெழுகு எல்லாம் பளியர்களிடமிருந்து எடுத்து வருகிறவர். பத்தொன்பது பேர் என்று ஆள் கணக்குக் கொடுத்ததும் அவர்தான். "கவலையே படாதீங்கம்மா, டீச்சரப் பூ மாதிரி கொண்டுபோய்ப் பூ மாதிரி கொண்டாந்து விட்டுர்றேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். கிராம சேவிகா என்பது யார் வாயிலும் நுழையாது. எல்லோருக்கும் நான் டீச்சர்தான்.

அம்மா அட்டைக்கு உப்புக் கிழி கட்டித் தந்தாள். எனக்கு யானை என்றால்தான் பயம்.

ஜூன் 5, செவ்வாய்

பஸ் அடிவாரத்தோடு நின்றது. அங்கிருந்து ஏழு மணி நேர நடை. இப்போது ஏலத்தோட்டக் காவல்காரர் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். காவல்காரரின் மனைவி வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். கால் இரண்டும் மரக்கட்டை.

வழியெல்லாம் யானைச் சாணம். ஓரிடத்தில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் நான் இரண்டடி பின்வாங்கினேன். சிங்காரம் சிரித்தார். பையை அவரே சுமந்தார். வழுக்கும் இடத்திலெல்லாம் கை நீட்டினார். நல்ல மனுஷர்.

என் கணுக்காலில் அட்டை ஏறியிருந்தது எனக்கே தெரியவில்லை. நான் குனிவதற்குள் அவர் உட்கார்ந்து, என் காலைப் பிடித்து, பிடுங்கிப் போட்டார். நானே எடுத்திருப்பேன். பரவாயில்லை. உதவிக்குத்தான் செய்தார்.

காவல்காரரின் மனைவி, நான் சோறு சாப்பிடும்போது, "ஒத்தையாவா போறீக?" என்று இரண்டு தடவை கேட்டாள். கூட ஆள் வருகிறாரே என்று நானும் இரண்டு தடவை சொன்னேன்.

ஜூன் 6, புதன்

பெரிய புடவு ஒன்றைக் கண்டோம். பாறை கூரை மாதிரி முன்னால் துருத்திக்கொண்டிருக்கிறது. உள்ளே மழை படாது. ஆள் இல்லை. ஆனால் சாம்பல் சுட்டது. பாதி உரித்த கிழங்கு ஒன்று அப்படியே கிடந்தது. யாரோ உரித்துக்கொண்டிருந்தபோதே எழுந்து போயிருக்கிறார்கள்.

"மனுச வாடை பட்டாப் போதும், மான் மாதிரி. இப்பத்தான் போயிருக்குதுக" என்றார் சிங்காரம். வாயில் கை குவித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "வெள்ளையா! குருவம்மா!" ஒவ்வொரு பெயரும் ஒரு தடவை. "செல்லி" என்ற பெயரை மட்டும் மூன்று தடவை. அப்போது அவர் குரல் தணிந்து, பூனையைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. யார் செல்லி என்று கேட்டேன். "இருக்கு ஒரு பொண்ணு" என்றார்.

மதியம் மூங்கில் முறிகிற சத்தம். யானையாக இருக்கும். இன்றைக்கும் அந்தப் புடவில் தங்காமல் காவல்காரர் வீட்டுக்கே திரும்பலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். யானைக்குப் பயந்துதான்.

ஜூன் 7, வியாழன்

கிடைத்துவிட்டார்கள். அல்லது நான் அவர்களுக்குக் கிடைத்தேன்.

சிங்காரம் ஒரு யோசனை சொன்னார். "நீங்க மட்டும் அந்தப் பாறையில போய் உக்காருங்க டீச்சர். நான் மறைவா நிக்கிறேன். பொம்பளை ஒத்தையா உக்காந்திருந்தா வந்து பாக்காம இருக்க மாட்டாளுக."

உட்கார்ந்தேன். மேற்கிலிருந்து மஞ்சு வந்து மூடியது. என் கையே எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை முழுதாக ஒரு சுற்று முடிந்து மறுபடி தொடங்கியிருந்தேன். மஞ்சு விலகியபோது எதிரே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கையில் கிழங்கு தோண்டும் கம்பு. முப்பது வயது இருக்கும். காலடிச் சத்தமே கேட்கவில்லை.

"வழி தப்பிட்டியா?" என்றாள்.

"இல்ல. உங்களத்தான் பாக்க வந்தேன்."

"எங்களப் பாத்து என்ன?"

நான் வீடுகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவள் முகம் மாறியது. அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். திரும்பினால் சிங்காரம் சிரித்துக்கொண்டே புதரிலிருந்து வந்துகொண்டிருந்தார். "என்ன குருவம்மா, விருந்தாளிய நிக்க வச்சே பேசுற?"

அவள் ஓடவில்லை. வாயைத் திறந்து ஒரு பறவை மாதிரி கூவினாள், ஒரே தடவை. பிறகு எங்களைக் கூட்டிக்கொண்டு நடந்தாள், சுற்று வழியில், மிக மெதுவாக.

ஜூன் 8, வெள்ளி

மழை. பேனா மை கலங்கிவிட்டது. இனிமேல் பென்சில்தான்.

ஜூன் 9, சனி

எழுத நேரம் இருக்கிறது. மழை விட்டுவிட்டு அடிக்கிறது.

இந்தப் புடவில் நான்கு குடும்பம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு நெருப்பு. குருவம்மாவின் புருஷன் வெள்ளையன், குறைவாகப் பேசுகிறவன். தேனுக்காகப் பாறையில் கொடி கட்டி இறங்குகிறவன். என்னைக் குருவம்மா தன் நெருப்புப் பக்கம் படுக்க வைத்துக்கொள்கிறாள். சிங்காரம் கூப்பிடு தூரத்தில் உள்ள சின்னப் புடவில் இருக்கிறார். காலையும் மாலையும் இங்கே வந்து உட்காருகிறார். அரிசி கொண்டு வந்திருக்கிறார், புகையிலை கொண்டு வந்திருக்கிறார். ஆண்கள் வாங்கிக்கொள்கிறார்கள். யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் எழுத எழுதப் பெயர்களைச் சொன்னார்கள். கைநாட்டு மட்டும் "நாளைக்கு" என்கிறார்கள். நேற்றும் நாளைக்கு, இன்றும் நாளைக்கு. படிவத்தில் பதினெட்டுப் பெயர் ஆகிறது. குழந்தைகளைச் சேர்த்து மூன்று தடவை எண்ணிவிட்டேன். பதினெட்டுதான்.

"செல்லின்னு ஒருத்தி இருக்காளாமே?" என்று குருவம்மாவிடம் கேட்டேன்.

"அப்படி யாரும் இல்ல." நெருப்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள். பிறகு கேட்டாள்: "அவன் ஒனக்கு என்ன ஆகணும்?"

"யாரும் இல்ல. வழி காட்ட வந்தவரு."

"நீ அவனக் கூட்டியாந்தியா, அவன் ஒன்னியக் கூட்டியாந்தானா?"

அரசாங்க உத்தரவு, அதிகாரி அனுப்பினார் என்றெல்லாம் சொன்னேன். அவள் கேட்டது அதில்லை என்று தெரிந்துதான் சொன்னேன்.

குளிர் அதிகம். படுக்கும்போது என் முந்தானை நுனியைக் குருவம்மாவின் சேலை நுனியோடு முடிந்துகொள்கிறேன். குளிருக்குத்தான்.

ஜூன் 10, ஞாயிறு

இன்று பூசை இல்லாத ஞாயிறு. சிறு வயதில் அம்மை போட்டிருந்தபோது தவறியதுதான் கடைசி.

நீரோடையில் சேலை அலசப் போனேன். குருவம்மா துணைக்கு வந்தவள், கிழங்கு கண்ணில் பட்டு மேட்டில் ஏறிவிட்டாள். தலையை நிமிர்த்தினால் மறுகரையில் சிங்காரம் குந்தியிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

"எத்தன பேரு ஆச்சு டீச்சர்?"

"பதினெட்டு."

"பத்தொம்போது. செல்லி பேரையும் எழுதிக்கங்க. அதுக்கு ஓரத்து வீடு. சரக்கு வைக்கிற நம்ம கிட்டங்கிக்குப் பக்கத்து வீடு. குத்தகைக்காரப் பெரியவருகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

"ஆள் இல்லாம எப்படி எழுத?"

"ஆளு இங்கதான் எங்கயோ இருக்கு. பொம்பளைங்க ஒங்ககிட்ட சொல்லுவாங்க. அதுக்குத்தான டீச்சர் ஒங்களக் கூட்டியாந்தது."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஈரச் சேலையைப் பிழியாமலே தோளில் போட்டுக்கொண்டு மேடேறினேன். கல் இடறி முழங்காலில் அடி. அவர் பின்னால் வரவில்லை. ஆனால் பாட்டு மாதிரி எதையோ முனகிக்கொண்டிருந்தது கேட்டுக்கொண்டே இருந்தது.

அரிசி நாளையோடு தீரும். உப்புக் கிழி பாதிதான் இருக்கிறது.

ஜூன் 11, திங்கள்

செல்லியைப் பார்த்தேன்.

விடிந்ததும் குருவம்மா என் தோளைத் தொட்டாள். "வா" என்றாள், அவ்வளவுதான். மற்றவர்கள் எழுந்திருக்கவில்லை. புடவுக்கு மேலே, கொடியைப் பிடித்து ஏறினால், இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு. வெளியிலிருந்து பார்த்தால் நிழல் என்றுதான் நினைப்போம். குருவம்மா இலையில் கொண்டு வந்த கிழங்கை உள்ளே நீட்டினாள். ஒரு கை வந்து வாங்கியது.

இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். குருவம்மாவின் தங்கை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை அவளால். வயிறு இடித்தது. ஐந்து மாதம், ஆறு மாதம்.

"மார்கழிப் பனியில கூட்டிட்டுப் போனான். தோட்டத்துல வேலைன்னான். மூணு நாளு" என்றாள் குருவம்மா. "திரும்பி வந்தா. அதுலருந்து பேசுறதில்ல."

யார் கூட்டிப் போனான் என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

"எங்க போனாலும் கண்டுபிடிச்சு வந்துருதான். நாங்களும் ஆறு எடம் மாத்திட்டோம். இந்தத் தடவ கண்டுபிடிக்க முடியல. அதான் ஒன்னியப் பாறையில உக்கார வச்சான்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்பது மாதிரி சொன்னாள். இந்த இடுக்கை நான் பார்த்துவிட்டேன். இப்போது அது எனக்கும் தெரியும். அவன் கேட்டால் என் முகம் காட்டிக் கொடுத்துவிடும். சிறு வயதிலிருந்தே எனக்குப் பொய் சொல்ல வராது.

ஜூன் 12, செவ்வாய்

நான் இறங்கிப் போகிறேன் என்று சிங்காரத்திடம் சொன்னேன். கைநாட்டு வேண்டாம், நடந்ததை அலுவலகத்தில் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். நடுப்பகல்தான், ஆனால் மஞ்சு இறங்கி, புடவு வாசலில் இருந்த ஆட்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

"எப்படிப் போவீங்க?" என்றான்.

"நீங்க கூட்டிட்டுப் போங்க."

"செல்லி எங்க?"

"எனக்குத் தெரியாது."

என் முகத்தைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். பிறகு சிரிப்பு மெல்ல விரிந்தது. "தெரிஞ்சுபோச்சு ஒங்களுக்கு" என்றான். கிட்டே வந்து, என் தோளில் ஒட்டியிருந்த இலையை எடுத்துக் கீழே போட்டான். போட்ட கை தோளிலேயே இருந்தது. "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பாப்பேன் டீச்சர். பொண்ணக் காட்டுங்க, எழுதுங்க, கூட்டிட்டுப் போறேன். இல்லையா, இந்த மலையில காணாமப் போனவங்க எத்தனயோ பேரு. யானை மிதிச்சிருச்சுன்னு எழுதிருவாங்க. ஒங்க அம்மாகிட்ட நானே போயிச் சொல்றேன்."

எழுதிவிடுகிறேன். எனக்கு யானை மேல் பயமில்லை. அட்டை மேலும் இல்லை, மஞ்சு மேலும் இல்லை. முதல் நாள் அவன் என் காலைப் பிடித்தபோதே எனக்குத் தெரியும். காவல்காரர் வீட்டுக்குத் திரும்பலாம் என்று நான் அடம் பிடித்தது அவனோடு தனியாகத் தங்கப் பயந்து. முந்தானையை முடிந்துகொண்டதும் அதற்குத்தான். ஒரு வாரமாக இந்த நோட்டிலேயே பொய் எழுதியிருக்கிறேன். இங்கே எழுதாவிட்டால் உண்மையாகிவிடாது என்று நினைத்தேன் போல.

குருவம்மாவிடம் சொன்னேன். அவள் வெள்ளையனிடம் சொன்னாள். நான்கு ஆண்கள் இருக்கிறீர்களே, அவனை அடித்துத் துரத்தக் கூடாதா என்று அழுதுகொண்டே கேட்டேன்.

வெள்ளையன் யோசித்துப் பதில் சொன்னான். "அடிச்சா, அவன் பத்துப் பேரக் கூட்டியாருவான். எங்களுக்கு அடிக்கத் தெரியாது. போகத் தெரியும்."

ஜூன் 14, வியாழன்

இது எந்த இடம் என்று தெரியாது. மலையின் மேற்குச் சரிவு. நேற்று எழுத முடியவில்லை.

நேற்று விடிகிற நேரத்தில் குருவம்மா எழுப்பினாள். நெருப்புகளை அணைக்கவில்லை; இன்னும் விறகு போட்டு எரிய விட்டிருந்தார்கள், தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் இருப்பது போலத் தெரியட்டும் என்று. "நாங்க போறோம். நீ?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். படிவமும் இந்த நோட்டும் இருந்த மெழுகுசீலைப் பையை இடுப்பில் கட்டிக்கொண்டேன். செருப்பை விட்டுவிடச் சொன்னாள்.

பத்தொன்பது பேர் போனார்கள், ஒரு சத்தம் இல்லை. கைக்குழந்தைகூட அழவில்லை. ஒரே வரிசையில் போகாமல், ஒருவர் மிதித்த இடத்தை இன்னொருவர் மிதிக்காமல், அகலமாகப் பிரிந்து போனார்கள். என்னால்தான் கிளை முறிந்தது, கல் உருண்டது. இருபது பேரில் சத்தம் போடுகிறவள் நான் ஒருத்திதான்.

வெயில் ஏறிய பிறகு அவன் குரல் கேட்டது. கீழே, தூரத்தில். முதலில் அவர்கள் பெயர். பிறகு "டீச்சர்! அங்கிட்டுப் போகாதீங்க டீச்சர், கூட்டமா யானை நிக்குது!" கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் கிட்டே, "லூர்து!" என்றான். என் பெயரை அவன் வாயில் அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

செல்லியாலும் என்னாலும் வேகமாக ஏற முடியவில்லை. குருவம்மா எங்கள் இருவரையும் ஒரு பாறையின் அடியில் தள்ளி, முன்னால் காட்டு வாழை மட்டையை இழுத்துவிட்டு, மஞ்சுக்குள் போய்விட்டாள். படுத்துத்தான் இருக்க முடியும். செல்லியின் வயிறு என் முதுகில் பட்டுக்கொண்டிருந்தது.

அவன் வந்தான். மட்டையின் இடைவெளியில் அவன் கால்கள் தெரிந்தன. என் செருப்பு ஒன்று அவன் கையில் இருந்தது. பத்தடிகூட இருக்காது. போய்விடுவான் என்று பார்த்தால், உட்கார்ந்துவிட்டான். பீடி பற்ற வைத்தான். புகை எங்களுக்கே வந்தது. எனக்கு இருமல் முட்டியது. செல்லி பின்னாலிருந்து கையைக் கொண்டுவந்து என் வாயைப் பொத்தினாள். அந்தக் கை கொஞ்சமும் நடுங்கவில்லை. நடுங்கியது நான். என் கழுத்தில் ஓர் அட்டை ஊர்ந்து காதோரம் போய் நின்றது. அது குடித்து முடித்துத் தானாக விழும்வரை அப்படியே கிடந்தேன்.

"பயப்படாம வாங்க டீச்சர்" என்றான் அவன், பொதுவாக, மரங்களைப் பார்த்து. "நான் ஒங்கள ஒண்ணுமே செய்யலியே. ஒரு விரல் பட்டிருக்குமா? யாருகிட்டப் போயி என்னன்னு சொல்லுவீங்க?"

இரண்டு பீடி குடித்தான். பிறகு எழுந்து போனான். அவன் போய் வெகு நேரமாகியும் செல்லி தன் கையை எடுக்கவில்லை. அவள் வயிற்றில் குழந்தை அசைந்தது என் முதுகுக்குத் தெரிந்தது. அவள் அப்போதுதான் மூச்சு விட்டாள்.

ஜூன் 15, வெள்ளி

நாளெல்லாம் மழை. சுள்ளி நனைந்து நெருப்புப் பிடிக்கவில்லை. கைக்குழந்தை குளிரில் விறைத்து உதடு நீலமாகிவிட்டது. வெள்ளையன் சிக்கிமுக்கியைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

என்னிடம் காய்ந்த காகிதம் இருந்தது. எடுத்தேன். அரசாங்கப் படிவம், வரிசை எண் போட்டது. தொலைத்தால் வேலை போகலாம்.

"அதுல எங்க பேரு இருக்கா?" என்று கேட்டாள் குருவம்மா.

"இருக்கு. பதினெட்டும்."

"கீழ அத என்ன செய்வாங்க?"

"பாத்துப் பாத்து உங்கள ஒவ்வொருத்தரா இறக்குவாங்க. அந்த ஓரத்து வீட்டுக்கு ஆள் வர்ற வரைக்கும் அவன் விட மாட்டான்."

கசக்கிக் கொடுத்தேன். பொறி விழுந்ததும் குப்பென்று பிடித்துக்கொண்டது. குழந்தையைச் சூட்டுக்குக் காட்டினார்கள். கால் மணி நேரத்தில் அழுதது. இரண்டு நாளாக அது அழாமல் இருந்ததற்கு நன்றி சொன்ன நான், இப்போது அழுததற்கு நன்றி சொன்னேன்.

ஜூன் 16, சனி

பிரிந்துவிட்டேன். தேயிலைத் தோட்டத்து ரோடு தெரிகிற மேடு வரைதான் வந்தார்கள். வெள்ளையன் கையை நீட்டி, பஸ் போகிற வளைவைக் காட்டினான். கும்பிடு, போய் வருகிறேன் என்பதெல்லாம் அவர்களிடம் இல்லை.

செல்லி என் முன்னால் வந்து நின்றாள். "அந்தத் தாள்ல என் பேரு இருந்துச்சா?" கரகரத்த குரல். அவள் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

"இல்ல."

"எங்கயும் எழுதாத."

சரி என்றேன். இந்த நோட்டு கணக்கில் இல்லை, இதை யாரும் பார்க்கப் போவதில்லை. திரும்பிப் பார்த்தபோது மேட்டில் புல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ரோட்டில் இறங்கிய பிறகுதான் அழுகை வந்தது. அவர்கள் இருந்தவரை நான் பயந்ததுகூடத் துணையோடு பயந்த பயம். வெறுங்காலோடு, சேலை கிழிந்து, குமுளி போகிற பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் ஒன்றும் கேட்காமல் முன் சீட்டில் உட்கார வைத்தார்.

ஜூன் 17, ஞாயிறு

அம்மா என்னைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வியாழக்கிழமை மாலை அவன் வீட்டுக்கு வந்திருக்கிறான். யானைக் கூட்டத்தில் டீச்சர் தவறிப்போனார், இரண்டு நாள் தேடினேன் என்று சொல்லி அழுதிருக்கிறான். அம்மா அந்த அழுகையைப் பார்த்து, அவனுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துத் தேற்றியிருக்கிறாள்.

எல்லாம் சொன்னேன். செல்லியின் பெயரைத் தவிர எல்லாம். அம்மா எழுந்து உள்ளே போய், அவன் குடித்த டம்ளரைத் தேடி எடுத்து, குப்பையில் போட்டுவிட்டு வந்தாள். ஆனாலும் அவளும் சொன்னாள்: "வெளிய சொல்லாத லூர்து. உசிரோட வந்தியே, போதும். நாளைக்கு ஒனக்கு ஒரு வாழ்க்கை அமைய வேண்டாமா?"

ஜூன் 18, திங்கள்

அலுவலகம் போனேன். அதிகாரியின் அறையில் சிங்காரம் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, கடவுளைக் கண்ட மாதிரி கும்பிட்டான். "மாதாவே காப்பாத்திருச்சு டீச்சர்! பயந்துபோயி எங்கயோ ஓடிட்டீங்களே!" கண்ணில் தண்ணீர்கூட வந்தது.

ஆட்களைச் சந்திக்க முடியவில்லை, படிவங்கள் மழையில் போய்விட்டன என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி சலித்துக்கொண்டார். விழாவுக்கு வேறு ஆட்களைப் பார்த்துக்கொள்வார்களாம். பிறகு, அவன் வெளியே போனபின், அவன் சொன்னதையும் செய்ததையும் அவரிடம் சொன்னேன். "ஒண்ணும் நடக்கலியேம்மா. இதையெல்லாம் பெரிசு பண்ணினா பேரு ஒங்களுக்குத்தான் கெடும்" என்றார்.

படி இறங்கும்போது எதிர் டீக்கடையில் அவன். டீ கிளாஸை எனக்குக் காட்டி உயர்த்தினான். "அடுத்த வாரம் மேல போறேன் டீச்சர். ஏதும் சொல்லணுமா அவங்களுக்கு?"

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

ஜூன் 19, செவ்வாய்

விடியற்காலையில் ஜெபம் சொல்ல உட்கார்ந்தேன். பத்தடி தூரத்தில் பீடி குடித்தவன், அடுத்த வாரம் மறுபடி அந்த மலையில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு நடப்பான். இதுதான் திரும்பத் திரும்ப வந்தது. போலீஸ் ஸ்டேஷன் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். நான் தலை வாரி முடித்து வந்தபோது, கோயிலுக்குக் கட்டும் வெள்ளைச் சேலையில் கதவருகே நின்றுகொண்டிருந்தாள்.

ஏட்டு வயதானவர். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு நான் சொல்லச் சொல்ல எழுதினார். மிரட்டியது, தோளில் கை வைத்தது, பாறை வரை துரத்தி வந்தது, பெற்ற தாயிடம் போய்ப் பொய்ச் சாவு சொன்னது. யானை மிதித்ததாக எழுதிவிடுவார்கள் என்று அவன் சொன்னதை அவன் சொன்ன வார்த்தையிலேயே எழுதச் சொன்னேன்.

"வேற பொம்பளைங்க யாராவது இவனால பாதிக்கப்பட்டிருக்காங்களாம்மா? பேர் இருந்தா கேசுக்குப் பலம்."

அம்மா என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரிஞ்சு நான்தான்" என்றேன். முகம் காட்டிக் கொடுக்காமல் எனக்குப் பொய் வந்தது அது ஒரு தடவைதான்.

"கேசு ஆச்சுன்னா விசாரணை முடியிற வரைக்கும் அவன் மலைக்குப் போகக் கூடாதுன்னு எழுதி வாங்குவோம். குத்தகைக்காரரும் கேசு இருக்கிற ஆள வச்சுக்க மாட்டாரு. ஆனா கோர்ட்டுல நீங்க வந்து நின்னு சொல்லணும். அவன் முன்னால சொல்லணும். நாலு பேரு நாலு விதமாக் கேப்பாங்க."

"வர்றேன்."

எழுதியதை அவர் சத்தமாக வாசித்துக் காட்டினார். ஸ்டேஷன் வாசலில் ஆட்கள் நின்று கேட்டார்கள். யார் யார் என்று பார்க்கவில்லை. அவர்களில் அவனும் இருக்கலாம். முதுகு முழுக்க அந்தப் பாறையின் ஈரம் இருந்த மாதிரியே இருந்தது. வாசித்து முடித்துக் காகிதத்தை என் பக்கம் திருப்பி, பேனாவைத் தந்தார்.

கையெழுத்துப் போட்டேன். கை அப்படி நடுங்கியது. எழுத்து கோணிக்கொண்டு கோட்டுக்குக் கீழே போய்விட்டது.

ஏட்டு அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "இது பேரு மாதிரியே இல்லையேம்மா. கோர்ட்டுல ஒங்க கையெழுத்து இல்லன்னுருவானுங்க. இன்னொரு தடவ போடுங்க."

அம்மா வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு தடவை போட்டேன்.